அதிக தூரம் போனவர்

முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 25 அதிகாலையில் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கிய ஆஸ்திரேலியர்களில் ஆர்தர் பிளாக்பர்னும் ஒருவர். அடிலெய்டு வழக்கறிஞர், வயது 22, சாதாரணச் சிப்பாய். அவரும் சக வீரர் பிலிப் ராபினும்தான் அன்று எதிரியின் நிலத்துக்குள் மிக அதிக தூரம் போனவர்கள் என்று போர் வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் கருதினார். ராபின் மூன்று நாளில் இறந்துபோனார்.

*

பிரான்சில் பொசியேர், 1916 ஜூலை 23. குண்டெறியும் ஆட்களை பிளாக்பர்ன் நான்கு முறை முன்னே அழைத்துப் போனார். கூடப் போனவர்களில் பலர் விழுந்தார்கள். 250 கஜம் பதுங்குகுழி பிடிபட்டது. பிறகு இன்னும் 120 கஜம். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. பதக்கக் குறிப்பில் கஜக் கணக்கு இருக்கிறது. விழுந்தவர்களின் கணக்கு இல்லை.

*

1933இல் அடிலெய்டின் மரண விசாரணை அதிகாரி ஆனார். அவர் வாழ்க்கையில் என்னை நகரவிடாத இடம் இதுதான். கேட்பாரில்லாமல் உயிர்கள் போனதைப் பார்த்த மனிதர், இப்போது யாரோ ஒருவரின் சாவுக்காகச் சாட்சிகளைக் கூப்பிடுகிறார். எப்போது, எப்படி, எதனால் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்த வேலை அவருக்கு ஆறுதலாக இருந்ததா, ஆத்திரமூட்டியதா? இரண்டும் இருந்திருக்கலாம்.

*

அடுத்த போரில் ஓர் இயந்திரத் துப்பாக்கிப் பட்டாளத்தின் தளபதி. 1941 ஜூன் 21இல் டமாஸ்கஸ் நகரம் பணிந்தபோது அந்தச் சரணடைவை ஏற்றவர் அவரே. ஒன்பது மாதத்துக்குள் முறை மாறியது. ஜப்பானியரை எதிர்க்க ஜாவாவில் ஏறக்குறைய 3,000 பேருடன் அவரை இறக்கிவிட்டார்கள். பட்டாளத்தின் இயந்திரத் துப்பாக்கிகளோ வேறு கப்பலில். 1942 மார்ச் 8இல் ஜாவாவை ஆண்ட டச்சுக்காரர்கள் சரணடைந்தார்கள். மலைக்குள் போய்ச் சண்டையைத் தொடர நினைத்தார். மழைக்காலம்; உணவும் மருந்தும் போதாது. ஆயுதங்களைக் கீழே வைக்கச் சொன்னார்.

*

அவருடைய ஆட்களில் பலரை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் செத்த அதே பாதை. சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. எப்போது, எப்படி, எதனால் என்று அங்கே கேட்க யாரும் இருக்கவில்லை.

*

பிளாக்பர்ன் ஃபார்மோசாவிலும் (இன்றைய தைவான்) மஞ்சூரியாவிலும் கைதியாக இருந்து, 1945இல் விடுதலையானார். 1960இல் அடிலெய்டுக்கு அருகே இறந்தார். விக்டோரியா கிராஸ் வீரர் என்றே அவரைச் சொல்கிறார்கள், சரிதான். ஆனால் பொசியேரில் முன்னேறியதைவிட, ஜாவாவில் அந்தக் கட்டளையைச் சொன்னதுதான் கடினமான காரியம் என்று நான் நினைக்கிறேன்.