விருந்தாளியின் காப்புறுதி

ஆபிரிக்காவின் கிழக்குக் கரையை அடுத்துள்ள சான்சிபார்த் தீவுக்குச் செல்லும் வெளிநாட்டவர், 2024 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து, அத்தீவின் அரசுக்குச் சொந்தமான காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திடம் பிரயாணக் காப்புறுதி பெற்றே ஆகவேண்டும். வளர்ந்தவர் ஒருவருக்குக் கட்டணம் 44 டொலர். 92 நாட்களுக்குச் செல்லும். நோய், விபத்து, பொதிகள் காணாமற்போதல் ஆகியவற்றுக்கு அது ஈடு செய்யும். தம் நாட்டிலேயே காப்புறுதி செய்துகொண்டு வருபவருக்கும் விலக்கில்லை.

இதுபற்றி உல்லாசப் பிரயாணிகளிடையே எழுந்த முணுமுணுப்பைப் பணமுடையோரின் சில்லறைக் கணக்கென்று நாம் ஒதுக்கிவிடலாம். ஆயின் அம்முணுமுணுப்பினுள்ளே பழைய கேள்வியொன்று கிடக்கிறது. ஒருவனுடைய நன்மைக்கென்று சொல்லி அவனைக் கட்டாயப்படுத்தும் உரிமை அரசுக்கு உண்டா? 1859 இல் சுதந்திரம் பற்றி நூலெழுதிய ஜோன் ஸ்டுவட் மில், ஒருவனது சொந்த நலன் மட்டும் அதற்குப் போதிய காரணமாகாது என்றார்; பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதற்கே அவ்வதிகாரம் உண்டென்றார். முணுமுணுப்போர் மில்லின் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றனர். மறுபாதியை அத்தீவின் வைத்தியசாலை வாசலிலே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

வாடகை மோட்டார் சைக்கிளில் விரைந்த பிரயாணி ஒருவர் கடற்கரைப் பாதையிலே விழுந்து தொடையெலும்பு முறிந்து கிடக்கிறார் எனக் கொள்வோம். எந்த வைத்தியரும் அவரைக் கைவிடமாட்டார், கைவிடவும் கூடாது. ஆனால் அவருக்கு ஏற்றப்படும் இரத்தம் உள்ளூரார் கொடுத்த இரத்தம். அவர் கிடக்கும் சத்திரசிகிச்சை மேசைக்காகப் பிரசவ வேதனையோடு ஒரு தாய் காத்திருக்கக்கூடும். 1964 புரட்சிக்குப் பின் மக்களுக்கு இலவச வைத்தியம் வாக்களிக்கப்பட்ட மண் அது. அவ்வாக்கை நிறைவேற்ற உழைப்பாளி மக்கள் சேர்த்த சிறு பொருளிலிருந்து, தம்மினும் பன்மடங்கு வசதி படைத்த அந்நியரின் செலவையும் அவர்களே தாங்கவேண்டும் என்பது எந்த நியாயம்? இலாபத்தைத் தாம் கொண்டு சென்று, பாரத்தைத் தீவின்மேல் விட்டுச் சென்ற அந்நியர்களை அம்மண் நெடுங்காலம் கண்டிருக்கிறது. அங்கே கராம்புத் தோட்டங்கள் அடிமைகளின் உழைப்பால் வளர்ந்தன. 1873 இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்திலே இன்று தேவாலயம் நிற்கிறது. பிரயாணிகள் அதைப் படம் பிடித்துச் செல்கின்றனர்.

ஆகவே, வருபவர் தம் பாரத்தைத் தாமே சுமக்கட்டும் என்று தீவு கேட்பதில் நாம் குற்றம் காணவில்லை. எமது நாடும் கொள்ளைநோய்க் காலத்தில், 2021 இல், வந்திறங்கியோருக்குக் கொவிட் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருந்தது. வைத்தியத்தை மக்களின் உரிமையாக்கிய கியூபாவும் 2010 மே முதலாந் திகதி தொடக்கம் பிரயாணிகளிடம் வைத்தியக் காப்புறுதி கேட்கிறது. இதனைச் சோஷலிசத்திலிருந்து வழுவுதல் என்று கூறும் நண்பர்கள் உளர். உரிமையொன்றைத் தம் உழைப்பால் கட்டியெழுப்பிய மக்கள் அதனை உலகச் செல்வர்க்கெல்லாம் தானமாக வழங்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்பதே எமது கருத்து.

ஆனால் கியூபாவுக்கும் சான்சிபாருக்கும் இடையில் ஒரு வேறுபாடுண்டு. எமக்கு உறுத்துவதும் அதுவே. பிரயாணி தம் நாட்டில் பெற்ற காப்புறுதிப் பத்திரத்தைக் கியூபா ஏற்றுக்கொள்கிறது. இல்லாதவர் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். சான்சிபாரிலோ, ஏற்கெனவே காப்புறுதி உடையவரும் மறுபடி செலுத்தவேண்டும். இரு நாள் தங்கும் ஏழை மாணவனுக்கும் இரு மாதம் தங்கும் கோடீசுவரனுக்கும் ஒரே தொகை. வைத்தியசாலையின் பாரத்தை நீக்குவது மட்டுமே நோக்கமாயின், முன்னரே ஈடு செய்யப்பட்ட பாரத்துக்கு மீண்டும் ஏன் பணம்? இது காப்புறுதியின் சட்டையை மாட்டிக்கொண்ட வரி. வரி விதிப்பதும் தவறன்று. வறிய தீவொன்று தன் கடற்கரையை நாடி வருவோரிடம் வரி கேட்கட்டும். அதை வரி என்றே சொல்லிக் கேட்கட்டும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆசிரியர்களாகிய எமக்கு அது தெரியும். இலவசக் கல்வி என்று மாணவருக்குப் படிப்பித்துவிட்டு, அதே வகுப்பில் வசதிக் கட்டணம் கட்டாதவரின் பெயரை வாசிக்கும் தொழில் எம்முடையது. தலையைக் குனியும் பிள்ளையின் முகத்தைக் கண்டவர்களுக்குப் பெயர் அற்பமாகத் தோன்றாது. வரியென்றால் அதற்குக் கணக்குக் கேட்கலாம். எவ்வளவு திரண்டது, எங்கே போனது என்று சபையிலே எழுந்து கேட்கலாம். காப்புறுதிக் கட்டணம் என்றால், கட்டியவருக்கும் கூட்டுத்தாபனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் என்று கதவைச் சாத்திவிடலாம்.

அக்கதவுக்கு வெளியே நிற்பவர் பிரயாணியல்லர். அவர் ஈடு பெற்றுத் தம் நாடு திரும்பிவிடுவார். அவரைப் பவளப் பாறைகளைக் காட்டப் படகில் ஏற்றிச் சென்ற படகோட்டி இருக்கிறார். அவரது அறையைக் கூட்டிய பெண் இருக்கிறாள். திரண்ட டொலர்களில் அவர்களுடைய வைத்தியசாலைக்கு ஒரு கட்டிலாவது வந்ததா என்று கேட்கவேண்டியவர்கள் இவர்களே.