படியும் கரையும்

கஷ்டப்பட்டு அடைந்ததற்குத்தான் மதிப்பு என்ற எண்ணம் எனக்குள் எப்போது புகுந்தது என்று தெரியவில்லை. சில வருஷங்களுக்கு முன் திருத்தணியில் அது ஆட்டம் கண்டது.

மலையடிவாரத்தில் சரவணப் பொய்கை. அங்கே குளித்துவிட்டுக் கோயிலுக்கு ஏறுவது வழக்கம். 365 படிகள்; வருஷத்தின் நாட்கள் என்பது கணக்கு. வாகனம் போகச் சாலையும் உண்டு. அப்பாவுக்கு முழங்கால் வலி. 'நீ போய்ட்டு வா. நான் இப்படியே குளத்தைச் சுத்திட்டிருக்கேன்' என்றார். சாலையைத் தவிர்த்துப் படியில் ஏறினேன். அதில் உள்ளூர ஒரு கர்வம். எண்ணிக்கொண்டே ஏறினேன், எண்ணிக்கொண்டே இறங்கினேன்.

அப்பா கரையில் உட்கார்ந்திருந்தார். மொட்டையடித்த குழந்தையொன்று தண்ணீரில் தன் தலையைப் பார்த்துவிட்டு அழுததைச் சொன்னார். பதிலுக்குச் சொல்ல என்னிடம் ஓர் எண்தான் இருந்தது.

இதை வைத்துக்கொண்டு, சுலபமே உயர்ந்தது என்று திருப்பிப் போட்டுவிட நான் தயாரில்லை. காவடியைத் தோளில் சுமந்து அதே படிகளில் ஏறுகிறவன் கஷ்டத்தைத் தானே கூட்டிக்கொள்கிறான். ஆனால் அதை அவன் யாருக்கோ கொடுத்துவிடுகிறான். நான் என் கஷ்டத்தை எனக்கே வைத்துக்கொண்டேன். வித்தியாசம் பிரயத்தனத்தின் அளவில் இல்லை.

மேலும், நான் ஏறியது கஷ்டமான வழியா என்பதே சந்தேகம். படி என்பது என்ன? வெறும் பாறைச் சரிவை யாரோ உடைத்து, சுமந்து, அடுக்கிச் சுலபமாக்கியது. சாலையும் அப்படியே. சாலையை ஏளனம் செய்து படியில் ஏறுகிறவன் விரும்புவது கஷ்டத்தை அல்ல, கொஞ்சம் பழைய சுலபத்தை. அடுத்தவன் உழைப்பு எங்கே முடிகிறதோ அங்கேதான் நம் கஷ்டம் ஆரம்பிக்கிறது. அதை நம் தனிச் சொத்தாக நினைப்பது அபத்தம்.

ஆனாலும் கஷ்டத்துக்கு ஒரு செளகரியம் உண்டு: அதற்குத் தேதி இருக்கிறது. டிசம்பர் 31 அன்று திருப்படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூஜை, பாட்டு. எல்லைப் போராட்டத்துக்கும் தேதி உண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊர்த் தெருக்களில் தமிழும் தெலுங்கும் பேசிக்கொண்டு சும்மா நடந்து போனவர்களின் பொழுதுகளுக்குத் தேதி கிடையாது.

சூரனோடு போர் முடித்த முருகன் கோபம் தணிந்து நின்ற இடம் என்பதால் தணிகை என்கிறார்கள். மற்ற முருகன் தலங்களைப்போல இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. வெற்றியை மறுபடி நடித்துக் காட்டாத ஊருக்கு வந்து நான் 365 வெற்றிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பாவோடு ஒரு சுற்று நடந்திருக்கலாம். கால் மணி நேரம்கூட ஆகாது. அவர் என்னைத் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. அது ரொம்பச் சுலபம் என்பதாலேயே எனக்குத் தோன்றவில்லை. கஷ்டமானதற்கு நாள் குறிக்கிறோம், சங்கல்பம் செய்துகொள்கிறோம். சுலபமானதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்டுவிடுகிறோம். செய்யாமல் போனவற்றின் ஜாபிதாவை இப்போது எடுத்துப் பார்த்தால், என்னால் முடியாதவை அதில் அநேகமாக இல்லை.

'அடுத்த தடவை சேர்ந்து சுத்தலாம்ப்பா' என்று பஸ்ஸில் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, 'அதுக்கென்ன' என்றார். அடுத்த தடவை நான் தனியாகத்தான் போனேன்.