படை விமானியின் திறனும் குடிமை உரிமமும்

ஒருவரிடம் உள்ள திறன் வேறு, அதைப் பயன்படுத்தச் சமூகம் தரும் அனுமதி வேறு. படை விமானி குடிமை உரிமம் பெறும் முறையில் இந்த வேறுபாடு துலங்குகிறது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து விதி 61.73-இன்படி, இராணுவப் பயிற்சியில் தேறியவர் உரிய ஆவணங்களோடு ஓர் அறிவுத் தேர்வில் வென்றால் வணிக விமானி உரிமம் பெறலாம். பறந்து காட்டத் தேவையில்லை.

செய்யத் தெரிந்திருப்பதையும் செய்தியாக அறிந்திருப்பதையும் மெய்யியலாளர் கில்பர்ட் ரைல் 1949-இல் பிரித்துக் காட்டினார். முதலாவதற்குப் படையின் சான்றையே அரசு ஏற்கிறது. குடிமை வான்வெளி விதிகளை அறிந்திருப்பதை மட்டும் விமானி நிறுவ வேண்டும்.

பயணிகள் விமானத்துக்கான உயர்நிலை உரிமத்தில் கேள்வி கடினமாகிறது. பொதுவாக 1500 மணி நேரப் பறப்பு தேவை. படை விமானிக்கு 750 போதும். ஒரே மணி நேரத்துக்கு இரண்டு எடையா? கண்டிப்பான மதிப்பீட்டின் கீழ்ப் பறந்த நேரத்தைக் கூடுதலாக மதிப்பது நியாயமே.

ஆனால் போர் விமானி ஆபத்தில் இருக்கையோடு வெளியேறலாம். பயணிக்கு அந்த வழி இல்லை. யாருக்காக, எந்த அளவு ஆபத்தை ஏற்பது என்பது போன்ற தீர்ப்பை அரிஸ்டாட்டில் கைத்திறனிலிருந்து பிரித்து, நடைமுறை விவேகம் என்றார். எழுத்துத் தேர்வு அதை அளக்காது. சட்டமும் இங்கே தயங்குகிறது, சரியாகவே: 750 மணி நேரத்தில் கிடைக்கும் உரிமத்தோடு விமான நிறுவனத்தில் துணை விமானியாக மட்டுமே அமரலாம், தலைமை விமானியாக அல்ல.