எது போதும்?

ஒரு பொருளை வாங்கப் புகும்போது நம் உள்ளத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. "இது நமக்குப் பயன்படுமா?" என்பது ஒன்று. "இதனினும் மேலானது வேறு உண்டா?" என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை நம்மிடமே உள்ளது. இரண்டாவதற்கு விடை கடைத்தெருவில் உள்ளது. அது ஆண்டுக்கு ஆண்டு மாறுவது. எந்த வினாவைக் கொண்டு நாம் பொருளை எடைபோடுகிறோம் என்பதைப் பொறுத்தே இல்லத்தின் அமைதி அமைகிறது.

இதனை ஒரு விளையாட்டுக் கருவியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். விளையாட்டுக் கருவிக்கும் அறச் சிந்தனைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். உணவிலும் உடையிலும் தேவையே ஓரளவு எல்லையை வகுத்துவிடுகிறது. இன்றியமையாததல்லாத பொருளில் எல்லையை நாமே வகுத்தாக வேண்டும். ஆதலின் நம் உறுதிக்குச் சோதனை அங்கேதான் நிகழ்கிறது.

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்கக் கடைகளுக்கு இரண்டு வீடியோ விளையாட்டுக் கருவிகள் இரு நாள் இடைவெளியில் வந்தன. 17ஆம் நாள் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 வந்தது. அதன் விலை 499 டாலர்; கூடுதல் வசதியுள்ள வகைக்கு 599 டாலர். 19ஆம் நாள் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' ஏறத்தாழ 250 டாலர் விலையில் வந்தது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 ஓராண்டு முன்னரே, 299 டாலர், 399 டாலர் என இரு வகைகளில் வெளிவந்திருந்தது.

வலிமையில் இம்மூன்றும் நிகரானவை அல்ல. மற்ற இரண்டும் உயர்தெளிவுப் படங்களைக் காட்டின. வீ பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போதுமான தெளிவோடு நின்றுவிட்டது. அதன் உள்ளமைப்பு, 2001இல் அந்நிறுவனமே வெளியிட்ட கேம்கியூப் கருவியினின்று வளர்ந்ததே. அதன் புதுமையெல்லாம் கையசைவை உணரும் கைப்பிடியில் இருந்தது. கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும். பொத்தான்களின் நுட்பம் அறியாத பாட்டியும் பேரனோடு ஆட முடிந்தது. முதியோர் இல்லங்களிலும் அக்கருவி இடம்பெற்றது.

இவ்வெண்ணத்திற்கு வேர் அந்நிறுவனத்தில் முன்னரே இருந்தது. குன்பெய் யோகோய் என்னும் வடிவமைப்பாளர், நன்கு பழகி விலை தாழ்ந்துபோன தொழில்நுட்பத்தைப் புதிய வழியில் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். அவர் முயற்சியால் 1989இல் வெளிவந்த கேம் பாய், நிறமற்ற சிறு திரை கொண்டது. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத் திரையுடன் கேம் கியர் என்னும் கருவியைக் கொணர்ந்தது. வண்ணத் திரையோ ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. கேம் பாய் நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக ஓடியது. பயணத்தில் ஆடும் சிறுவனுக்கு எது தேவை என்பதை எளிய கருவியே உணர்ந்திருந்தது.

இனி, மலிவானதே அறவழிப்பட்டது என்று முடிவு கூறிவிடலாமா? கூடாது. பிளேஸ்டேஷன் 3 திரைப்படங்களுக்குரிய புளூ ரே தட்டையும் இயக்கியது. அந்நாளில் அத்தட்டை இயக்கும் தனிக் கருவியே ஆயிரம் டாலர் அளவில் விற்றது. இரண்டு பயனையும் நாடிய ஒருவர் அதனை வாங்கியது ஊதாரித்தனம் ஆகாது. மேலும், விலை வேறு, செலவு வேறு. சோனி நிறுவனம் தொடக்கத்தில் ஆக்கச் செலவினும் குறைந்த விலைக்கே தன் கருவியை விற்றது. விளையாட்டுத் தட்டுகளின் வருவாயால் அதனை ஈடுசெய்ய எண்ணியது. வீ கருவியின் தட்டு பெரும்பாலும் 50 டாலர். மற்றவற்றின் தட்டு 60 டாலர். உயர்தெளிவுப் படத்தைக் காணப் புதிய தொலைக்காட்சியும் வேண்டும். வீ 20 வாட்டுக்கும் குறைந்த மின்சாரத்தில் ஆடியது. மற்ற இரண்டும் அந்நாளில் 100 வாட்டைக் கடந்தன. ஆகவே விலைச்சீட்டை மட்டும் நோக்குவோர், மலிவிலும் ஏமாறுவர், உயர்விலும் ஏமாறுவர்.

சந்தையின் வெற்றியும் நமக்குச் சான்றாகாது. வீ உலகெங்கும் 10 கோடிக்கும் மேல் விற்று, மற்ற இரண்டையும் விஞ்சியது உண்மையே. ஆயின் 1999இல் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்த சேகாவின் டிரீம்காஸ்ட், 299 டாலர் விலையுள்ள பிளேஸ்டேஷன் 2 வந்தபின் நிலைக்கவில்லை. 2001இல் அதன் உற்பத்தி நின்றது. வீயின் வழித்தோன்றலாக 2012இல் வந்த வீ யு, 1 கோடியே 40 லட்சத்தைக்கூட எட்டவில்லை. எளிமை ஒருமுறை வெல்லும், ஒருமுறை தோற்கும். வெல்லும் என்பதற்காக எளிமையைப் போற்றுவோமாயின், நாம் போற்றுவது வெற்றியையே அன்றி எளிமையை அன்று.

மலிவிற்கும் ஒரு மயக்கம் உண்டு. "விலை குறைவுதானே" என்று வாங்கிய கருவி சில மாதங்களில் அலமாரியில் தூசி படிந்து கிடக்குமாயின், 250 டாலரும் வீணே. வலிமையான கருவியை வாங்கி, ஏழாண்டுகள் பேணி, குடும்பத்தோடு மகிழ்ந்தவர் அவரினும் சிக்கனமானவர். பொருளுக்கு எல்லை வகுப்பது அதன் விலையைக் கொண்டு அன்று. அதனை நாம் பயன்கொள்ளும் முறையைக் கொண்டே.

"அடுத்த தலைமுறை" என்னும் சொல்லையும் சற்றே எண்ணிப் பார்ப்போம். 2006இல் வியப்பூட்டிய வலிமை 2013இல் பிளேஸ்டேஷன் 4 வந்ததும் பழமையாயிற்று. வலிமை என்பது பிறிதொன்றோடு ஒப்பிட்டுப் பெறும் தகுதி. ஒப்பிடும் பொருள் மாறியவுடன் அத்தகுதி நீங்கிவிடும். பாட்டியும் பேரனும் கூடி ஆடிய மாலைப்பொழுதோ எதனோடும் ஒப்பிட்டுப் பெற்றதன்று. ஆதலின் புதிய கருவி வந்ததனால் அது குறைவுபடுவதும் இல்லை.

"என் நண்பன் வீட்டில் இதனினும் வலிமையானது இருக்கிறதே" என்று ஒரு பிள்ளை கேட்கும் நாள் எந்த இல்லத்திலும் வரும். அன்று நாம் கூறும் விடையே இங்கு முதன்மையானது. "அதற்கு விலை அதிகம்" என்று மட்டும் கூறுவோமாயின், கையில் பணம் வந்தால் அவ்விருப்பம் தகும் என்றே கற்பிக்கிறோம். "நாம் விளையாடுவதற்கு இது போதும்" என்று கூறுவது வேறு. ஆனால் அச்சொல்லைக் கூறத் தகுதி வேண்டும். நன்கு இயங்கும் கைப்பேசியை, புதியது வந்துவிட்டது என்பதற்காகவே மாற்றும் தந்தையின் வாயிலிருந்து அது வருமாயின், பிள்ளை தந்தையின் கையைப் பார்க்குமே தவிர, அவர் சொல்லைக் கேளாது.

எனவே கருவியைத் தேர்வதற்கு முன், முதல் வினாவை நமக்கு நாமே கேட்டுக்கொள்வோம். அதற்கு நேர்மையான விடை கிடைத்தபின், வாங்குவது எளியதாயினும் வலியதாயினும், அண்டை வீட்டைப் பார்த்து ஏங்க வேண்டிய நிலை நமக்கு வாராது.