கடற்கரையில் யாருக்கு ஓய்வு?



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: "இவ்வருஷம் எங்கே போகலாம்?" மேற்கே மலை நாள்தோறும் கண்ணெதிரே நிற்பதால் பிள்ளைகள் கடலைத்தான் கேட்கிறார்கள். மில்லில் இரவு சிப்டு பார்த்தவருக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிச் சத்தத்தில் காது அடைத்தவருக்கும், பால்கோவாக் கடாயின் அனலில் நின்றவருக்கும் நாலு நாள் கடற்காற்று ஆகாதென்று யார் சொல்வார்?

சென்ற மே மாதம் எங்கள் குடும்பமும் சங்கரன்கோவில், திருநெல்வேலி வழியாய்த் திருச்செந்தூர் சென்று, அதற்குத் தெற்கே ஏறக்குறைய 18 கிலோமீட்டரிலுள்ள மணப்பாட்டில் இறங்கிற்று. சந்தடியில்லாத ஊர். கடலை நோக்கி நீண்ட மணற்குன்றின்மேல் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். அருகே ஒரு குகை. 1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அர்ச். சவேரியார் தங்கிச் செபித்த இடமென்று பரம்பரையாய்ப் போற்றுகிறார்கள்.

மூன்றாம் நாள் மாலை, பிள்ளைகள் அலையில் விளையாட, நான் மணலில் சாய்ந்திருந்துவிட்டு வீடு திரும்பினேன். வாடகை வீட்டு அடுப்படியில் என் மனைவி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "சத்தம் நல்லாக் கேட்குது. கடல் எப்படி இருக்குங்க?" என்றாள். நான் வெட்கிப் போனேன். ஊர் மாறிற்று, அவளுக்கு அடுப்பு மாறவில்லை.

அன்றிரவு ஒரு கேள்வி என்னை விடவில்லை. என் தோளின் சுமை இன்னொருவர் தோளுக்கு மாறினால் அதற்கு ஓய்வென்று பெயராகுமா?

"யாராவது சமைக்கத்தானே வேண்டும்?" என்பீர்கள். மெய்தான். ஓய்வு இலவசமாய் வருவதில்லை. கடலைப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனம் பெருகும்படி விசைப்படகுகள் நம் கிழக்குக் கடலில் மீன்பிடிக்கப் போகக்கூடாதென்பது சட்டம். கடலின் அந்த ஓய்வுக்கு மீனவர் தம் வருமானத்தால் விலை கொடுக்கிறார்கள். அதை அறிந்தே அரசாங்கமும் அவர்கள் குடும்பங்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஆக, ஒருவர் ஓய்வுக்காக வேறொருவர் உழைப்பது பாவமல்ல. எப்போதும் ஒருவரே உழைப்பதும், அதை நாம் காணாதிருப்பதுமே அநீதி.

மூன்றாம் கற்பனையை யாத்திராகமத்தில் வாசித்துப் பாருங்கள். ஓய்வுநாளில் வேலை செய்யலாகாதவர்களாக மகன், மகள், வேலைக்காரர், கால்நடை, வாசலில் தங்கும் அந்நியன் வரை சொல்லப்பட்டிருக்கிறது. மனைவி மட்டும் தனியே சொல்லப்படவில்லை. அவளுக்கு ஓய்வில்லை என்றா அர்த்தம்? மாட்டுக்கும் இளைப்பாற்றி தந்த சர்வேசுரன் அவளை மறப்பாரா? வீட்டுத் தலைவனை நோக்கி "நீ" என்று சொன்ன சொல்லுக்குள்ளேயே அவளும் அடங்கியிருக்கிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இருவரும் ஒன்றானால், அவள் இளைப்பாறாத நாளில் நானும் இளைப்பாறினவனல்லன்.

அந்தப் பட்டியலில் வரும் அந்நியனையும் மறவாதிருப்போம். மணப்பாட்டில் நாம்தான் அந்நியர். ஆனால் காசு கையிலிருப்பதால் எஜமானரைப்போல நடக்கிறோம். நமக்கு வேடிக்கையான கரை அவர்களுக்குப் பிழைப்பு. வெயிலில் கூடை சுமந்து வருகிறவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவதும், தின்ற பொட்டலத்தை அவர்கள் வலை உலர்த்தும் மணலில் எறிவதும் எந்த நியாயம்?

மறுநாள் அடுப்பை நான் ஏற்றேன். சோறு அடிப்பிடித்தது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உண்டார்கள். அவளோ முழங்காலளவு தண்ணீரில் ஒரு மணி நேரம் பேசாமல் நின்றிருந்தாள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பியதும், "இன்று நம் வீட்டில் ஓய்வில்லாதவர் யார்?" என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்ப்போமாக. அவரை உட்காரவைத்து, அவர் கை வேலையை நாம் வாங்கிக்கொண்டால், கடல் அத்தனை தூரத்தில் இல்லை.