உயர்ந்து நின்றது எது?

கோபுரம் என்றதும் கோயில் நினைவு வரும் நமக்கு. இத்தாலி நாட்டிலே, டஸ்கனி மாநிலத்துக் குன்றொன்றின் மீது, சான் ஜிமின்யானோ எனும் சிற்றூரில் நிற்கும் கோபுரங்களோ, ஆண்டவனுக்காக எழுந்தவை அல்ல, ஆண்டையருக்காக எழுந்தவை! செல்வர்தம் மாளிகைகளை ஒட்டி, சதுரச் சதுரமாய், மொட்டை மொட்டையாய் வான் நோக்கி நிற்பவை. ஒரு காலத்தில் 72 இருந்தன என்பர். இன்று எஞ்சியவை 14. 1990-ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ அவ்வூரை உலகப் பாரம்பரியச் செல்வமெனப் பட்டியலிட்டது. "என்னே எழில்!" என்று காண்போர் வியக்கின்றனர். வியக்கட்டும், வேண்டாமென்று கூற நாம் யார்? எனினும், வியப்பதற்கு முன் வினவுவதன்றோ பகுத்தறிவாளனுக்கு அழகு! எதற்காக எழுப்பினர் இவற்றை?

வசிப்பதற்கா? உள்ளே சென்று பார்த்தால் விளங்கிவிடும். சுவரோ பருமன், நடுவே எஞ்சும் இடமோ சிறு அறையளவு. சாளரங்கள் அருமை, ஏணி வைத்து ஏற வேண்டும். குடும்பம் குடியிருந்தது பக்கத்து மாளிகையில். கோபுரத்திலே குடியிருந்தது பகை! எதிரி வந்தால் ஏறி ஒளிய ஓர் இடம். வராத நாளில் அவன் கண்ணை உறுத்த ஒரு கல்தூண்.

பணம் எங்கிருந்து வந்தது? ரோமாபுரிக்கு யாத்திரிகர் நடந்த பெருவழி அவ்வூரைத் தொட்டுச் சென்றது. அந்த மண்ணில் குங்குமப்பூ விளைந்தது. பட்ட கடனுக்குக் குங்குமப்பூவையே அளந்து கொடுத்த ஊர் அது! ஒரு பூவுக்கு மூன்றே மூன்று இழை. ஒவ்வொன்றையும் கையால் கிள்ள வேண்டும். கிள்ளிய விரல்களின் பெயரை எந்தக் கோபுரமும் தாங்கவில்லை. கோபுரங்கள் தாங்குவது ஆர்திங்கெல்லி, சால்வுச்சி எனும் பெருங்குடிகளின் பெயர்களை! முன்னவர் போப்பாண்டவர் கட்சி. பின்னவர் பேரரசர் கட்சி. போப்பாண்டவர் எங்கோ, பேரரசர் எங்கோ. தெருவிலே சிந்திய குருதி மட்டும் உள்ளூர்க் குருதி.

இதிலே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அண்டை வீட்டான் முப்பது முழம் எழுப்பினான். இவன் நாற்பது எழுப்பினான். அவன் ஐம்பதுக்குப் போனான். முடிவில் இருவரும் தொடங்கிய இடத்திலேயே நின்றனர், கல்லும் காசும் கரைந்தது தவிர! உணவு உண்டால் பசி அடங்கும். உடை உடுத்தால் குளிர் அடங்கும். உயரம் அப்படிப்பட்டதன்று. பிறன் தாழ்ந்திருந்தால்தான் அதற்குப் பொருளே உண்டு.

ஊர் இதை உணராமலில்லை. பொதெஸ்தா எனும் நகராளுநரின் கோபுரம் ரொக்னோசா. அதனினும் உயரமாகத் தனியார் எவரும் எழுப்பலாகாது என 1255-இல் சட்டம் பிறந்தது. சால்வுச்சி குடியினர் என்ன செய்தனர்? அருகருகே இரட்டைக் கோபுரம் எழுப்பி, இரண்டும் சேர்ந்தால் எங்கள் உயரமே பெரிது என்று மீசை முறுக்கினராம், ஊரார் சொல்லும் கதை இது. பிளாரன்சு நகரிலோ, மக்கள் ஆட்சி தலைதூக்கிய 1250-இல், செல்வர் கோபுரங்களை ஏறத்தாழ 29 மீட்டருக்கு வெட்டிக் குறைத்து, அந்தக் கல்லைக் கொண்டே நகர்மதில் கட்டினர். எனக்குப் பிடித்தது இந்தப் பின்னவர் வழிதான்!

1300-ஆம் ஆண்டு மே திங்களில் கவிஞர் தாந்தே பிளாரன்சின் தூதராக சான் ஜிமின்யானோ வந்தார். போப்பாண்டவர் கட்சி நகரங்கள் ஒன்றுசேர வேண்டுமென ஊர் மன்றத்திலே பேசினார். அம்மண்டபத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். ஒற்றுமை பேசிய அவரையே, ஈராண்டில், அதே கட்சியின் உட்பூசல் பிறந்த மண்ணைவிட்டு விரட்டியது!

அந்த மன்றத்தை ஒட்டி, 1311-இல் ஊரே ஒரு கோபுரம் கட்டி முடித்தது. டோரே குரோசா என்பது பெயர், 54 மீட்டர், எல்லாவற்றினும் உயரம். இது மட்டும் செருக்காகாதா என்று கேட்கலாம். செருக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் இதை எவரும் தம் மகனுக்கு எழுதிவைக்க முடியாது. மற்றவற்றினின்று இதைப் பிரித்துக் காட்ட எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

1348-இல் கொள்ளைநோய் வந்தது. போப்பாண்டவர் ஆளென்றும் பேரரசர் ஆளென்றும் பார்க்கவில்லை அது. 1353-இல் ஊர் பிளாரன்சுக்கு அடிபணிந்தது. செல்வம் வற்றிற்று. வளர்ந்த நகரங்கள் பழையதை இடித்துப் புதியது கட்டின. இவ்வூருக்கு அதற்கும் வகையில்லை. இன்று நாம் வியக்கும் எழிலைக் காத்துத் தந்தது வறுமை!

ஆணவத்தின் சின்னமெனில் இடித்தாலென்ன என்று இளைஞர் ஒருவர் துடிக்கக்கூடும். 1255-இல் கேட்டிருந்தால் கடப்பாரை எடுத்துக் கொடுத்திருப்பேன். இன்று அவை யாரையும் அச்சுறுத்தவில்லை, சாட்சி சொல்கின்றன. சாட்சியைக் கொல்வானேன்? குங்குமப்பூ கிள்ளிய கைகளையும் சேர்த்துச் சொல்லும்படி வழிகாட்டிகளுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும்.

டோரே குரோசாவில் இன்று கட்டணம் செலுத்தி எவரும் ஏறலாம். சமையற்காரரும் ஏறுகிறார், பள்ளி ஆசிரியரும் ஏறுகிறார். மேலே நின்று பார்த்தால், சால்வுச்சி குடியினரின் இரட்டைக் கோபுர உச்சி கீழே தெரிகிறது.