எல்லார்க்கும் ஒன்றே அளித்தல் நீதியாகுமா?

நீதி என்றவுடன் நம்மில் பலர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம், எல்லார்க்கும் ஒன்றே போல் அளித்தல் என்பதாகும். வீட்டில் பிள்ளைகளுக்குப் பண்டம் பகிர்வது முதல் நாட்டில் சட்டம் வகுப்பது வரை இவ்வெண்ணம் வேரூன்றி நிற்கின்றது. இஃது எத்துணைப் பொருத்தமானது என்பதை ஆராய, இக்காலப் பிள்ளைகள் பெரிதும் ஈடுபடும் கணினி விளையாட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

துப்பாக்கி கொண்டு ஆடும் ஆட்டமாயிற்றே, கொல்லாமையைப் போற்றும் நம் குடும்பங்களுக்கு அதனால் ஆவது என்ன என்று வாசகர்கள் வினவக்கூடும். அவ்வாட்டத்தைப் பிள்ளைகள் ஆடலாமா என்பது தனியே ஆராயத்தக்க வினா. அதனை வகுத்தோர் நடுவுநிலையை எண்களில் எவ்வாறு அமைக்க முயன்றனர் என்பதே ஈண்டு நாம் காண விழைவது.

'கவுண்டர் ஸ்டிரைக்' என்னும் அவ்விளையாட்டை 1999-ஆம் ஆண்டில் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்னும் இருவர் உருவாக்கினர். மறு ஆண்டில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் அதனை ஏற்று வெளியிட்டது. போட்டிகளில் அணிக்கு ஐவராக இரண்டு அணிகள் பல சுற்றுகள் மோதுகின்றன. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆடுவோர் தம்மிடமுள்ள ஆட்டப்பணத்தைக் கொண்டு ஆயுதம் வாங்குதல் வேண்டும். முதற்சுற்றில் ஒவ்வொருவர்க்கும் கிடைப்பது 800 டாலர். அதற்குக் கவசமோ சற்று மேம்பட்ட கைத்துப்பாக்கியோதான் வாங்க இயலும். ஏ.கே. 47 துப்பாக்கியின் விலை 2700 டாலர். தொலைநோக்கி பொருத்திய ஏ.டபிள்யூ.பி. துப்பாக்கியின் விலை 4750 டாலர்.

எல்லார்க்கும் ஒரே துப்பாக்கியை அளித்துவிட்டால் சிக்கலே இல்லையே என்று தோன்றலாம். அவ்வாறு செய்தால் ஆட்டம் ஒரே ஒரு திறமையை மட்டுமே அளக்கும். விரைந்து குறிபார்ப்பவன் ஒருவனே வெல்வான். பொறுமை, திட்டமிடுதல், சிக்கனம் ஆகியன கொண்டவனுக்கு இடமிராது. ஆகவே வகுத்தோர் வேறு வழி கண்டனர். ஒவ்வோர் ஆயுதத்திற்கும் ஓர் ஆற்றலையும் ஒரு குறையையும் சேர்த்தே வைத்தனர். ஏ.டபிள்யூ.பி.யின் குண்டு காலைத் தவிர உடலில் எங்குப் பட்டாலும் எதிரி வீழ்வான். ஆனால் அதன் விலை மிகுதி. ஒருமுறை சுட்டபின் மறுமுறை சுடக் காலதாமதம் ஆகும். ஏந்தியவன் மெதுவாகவே நடக்க இயலும். அதனைக் கொண்டு ஒருவனை வீழ்த்தினால் கிடைக்கும் பரிசு 100 டாலர் மட்டுமே. விலை குறைந்த சிறு இயந்திரத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றிற்கு அப்பரிசு 600 டாலர்.

இத்தகைய சமன் கெட்டால் விளைவது என்ன? வினாத்தாள் வகுத்துப் பழகிய ஆசிரியர்கள் இதனை எளிதில் உணர்வர். 'எவையேனும் ஐந்து வினாக்களுக்கு விடை தருக' என்று எட்டு வினாக்களை அளிக்கின்றோம். அவற்றுள் ஐந்து மிக எளியவையாக அமைந்துவிட்டால், மாணவர் அனைவரும் அவ்வைந்தையே எழுதுவர். தாளில் எட்டு வினாக்கள் இருப்பினும் தேர்வுரிமை பெயரளவில்தான் இருக்கும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் இவ்விளையாட்டிலும் அதுவே நிகழ்ந்தது. ஆர்8 என்னும் ரிவால்வர் 850 டாலர் விலையில் புதிதாகச் சேர்க்கப்பெற்றது. ஒரே குண்டில் எதிரியை வீழ்த்தவல்ல அதனை, ஏ.டபிள்யூ.பி.யின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெற முடிந்தது. எங்கும் அதுவே ஒலிக்கத் தொடங்கிற்று. சில நாட்களுக்குள் நிறுவனம் அதன் ஆற்றலைக் குறைத்தது. அதன்பின் அதனை வாங்குவோர் அரியராயினர். அளவுக்கு மிஞ்சிய ஆற்றல் மற்ற ஆயுதங்களைப் பயனற்றனவாக்கிற்று. ஆற்றல் குன்றியபோது அதுவே பயனற்றதாயிற்று. நடுவுநிலை காண்பது எத்துணை அரிது என்பதற்கு இது சான்று.

நம் சிந்தனைக்குரிய மற்றொன்றும் உண்டு. வென்ற அணிக்குப் பணம் சேர, அதனால் நல்ல ஆயுதம் சேர, மேலும் வெற்றி வரும். தோற்றவன் மேலும் மேலும் தோற்பான். இதனைத் தடுக்கத் தோற்ற அணிக்கும் உதவித்தொகை வழங்குகின்றனர். தொடர்ந்து தோற்குந்தோறும் அது படிப்படியாக உயர்ந்து 3400 டாலர் வரை செல்லும். உழைக்காதவனுக்கு ஊதியமா என்று இதனைக் குறைகூறுவோர் உளர். அத்தொகை வெற்றியைத் தருவதில்லை. மீண்டும் போட்டியிடும் வாய்ப்பையே தருகின்றது. ஒருமுறை வீழ்ந்தவன் என்றுமே எழ இயலாத ஆட்டத்தில், பின்வரும் சுற்றுகளுக்குப் பொருளே இல்லை.

இனி, கடினமான வினா ஒன்று எஞ்சுகின்றது. ஓர் ஆயுதத்தைப் பல்லாண்டு பயின்று தேர்ந்தவன் ஒருவன் இருக்கின்றான். திடீரென விதி மாறுகின்றது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஏ.டபிள்யூ.பி. ஒருமுறை ஏற்கும் குண்டுகளின் எண்ணிக்கை 10-லிருந்து 5 ஆகக் குறைக்கப்பெற்றது. "நீங்கள் வகுத்த விதியைப் பின்பற்றியே பயின்றேன், என் உழைப்பைப் பறிப்பது நீதியா?" என்று அவன் கேட்டால் விடை என்ன?

விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்றும் ஒருமுறை முயன்றனர். 2006-ஆம் ஆண்டில் இவ்விளையாட்டின் ஒரு பதிப்பில், பலர் விரும்பி வாங்கும் ஆயுதத்தின் விலை தானே ஏறுமாறும் வாங்காததன் விலை இறங்குமாறும் அமைத்தனர். அம்முறை பொதுவிதியாக நிலைக்கவில்லை. பலர் விரும்புவது என்பதும் நீதிக்கு மாறானது என்பதும் ஒன்றல்ல. மனிதர் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டிய பொறுப்பைக் கணக்கின்மேல் ஏற்றிவிட இயலாது.

அவ்வாட்டக்காரனுக்கு நாம் கூறும் விடை இதுவே. அவனது கண்ணும் கையும் பெற்ற பயிற்சி அவனுடையது. அதனை எவரும் பறிக்கவில்லை. பட்டியலில் இருந்த ஓர் எண் அவனுக்கு அளித்த மிகுதி அவன் ஈட்டியதன்று. ஆயினும் மாற்றுவோர்க்கும் கடமை உண்டு. மாற்றம் வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். காரணம் கூறப்பட வேண்டும். தேவைக்கு மேல் ஓர் அணுவும் மிகுதல் கூடாது. 'ஹேலோ 3' என்னும் மற்றொரு விளையாட்டை வகுத்தோருள் ஒருவரான ஜெய்மி கிரீஸ்மர், தொலைநோக்குத் துப்பாக்கியின் இரு குண்டுகளுக்கிடையே உள்ள காலத்தை 0.5 நொடியிலிருந்து 0.7 நொடியாக மாற்றியதைப் பற்றி மட்டுமே 2010-ஆம் ஆண்டில் ஒரு முழு உரை ஆற்றினார். கண்ணிமைக்கும் அளவினதான மாற்றத்திற்கும் காரணம் காட்டும் அக்கவனம், விதி வகுக்கும் அனைவரும் கொள்ளத்தக்கது.

ஆகவே, எல்லார்க்கும் ஒன்றே அளித்தல் நீதியின் எளிய வடிவமேயன்றி அதன் முழுமை ஆகாது. வெவ்வேறு இயல்பினர் தத்தம் வழியில் முயன்று வெல்ல இடமளித்தலும், எவ்வொரு வழியும் பிற வழிகளை விழுங்கிவிடாமல் காத்தலும் அதனினும் உயர்ந்த நீதி. இஃது ஒரே நாளில் முடியும் பணியன்று. துலாக்கோலைப் பிடித்த கை எப்பொழுதும் விழிப்புடன் இருத்தல் வேண்டும். வீட்டில் பிள்ளைகளிடையே பகிர்வோரும், வகுப்பில் மதிப்பெண் இடுவோரும் இதனை எண்ணிப் பார்ப்பாராக.